முப்பத்தைந்தாவது கையெழுத்து

நிதி மந்திரிகளின் முகம் எல்லோருக்கும் தெரியும். பேப்பரைத் திறந்தால் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுடைய பின்னந்தலை தெரிந்தவள் இந்த நாட்டில் ஒரே ஒருத்திதான். ஒன்பது நிதி மந்திரிகளைக் கை நீட்டினால் தொடும் தூரத்தில், பின்னால் நின்று பார்த்தவள் அவள். யாருக்கு எந்த வருடம் சொட்டை விழுந்தது, யார் தலைக்கு மை பூசினார், யார் பூசுவதை நிறுத்திவிட்டு அதையே எளிமை என்று மேடையில் சொல்லிக்கொண்டார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் பார்த்த வேலை, மந்திரி கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது பக்கம் திருப்பிக் கொடுப்பது.

சிரிக்க வேண்டாம், அதுவும் ஒரு வேலைதான். வெளிநாட்டு வங்கிக்காரர்கள் கடன் கொடுக்க வந்தால் நிதி அமைச்சகத்தின் இரண்டாம் மாடி மண்டபத்தில் நீளமாக ஒரு மேசை போடுவார்கள். மேசைமேல் பச்சைத் துணி, குட்டிக் கொடிகள் இரண்டு, தண்ணீர் பாட்டில், மந்திரியின் முகத்தை மறைக்காத உயரத்தில் ஒரு பூச்சாடி. கொடுப்பவருக்கு ஒரு தோல் கோப்பு, வாங்குபவருக்கு ஒரு தோல் கோப்பு. இரண்டிலும் அதே இருநூற்றுச் சொச்சம் பக்கங்கள். கையெழுத்து விழவேண்டிய ஆறு இடங்களில் மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். அவள் மந்திரியின் இடது தோளுக்குப் பின்னால் நின்று, மஞ்சள் சீட்டில் விரல் வைத்துப் பக்கத்தைத் திருப்புவாள். மந்திரி போடுவார். மை ஒற்றும் தாளை வைத்து ஓர் அழுத்து. அடுத்த சீட்டு. ஆறும் முடிந்தால் கோப்பை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு, அங்கிருந்து வரும் கோப்பில் இன்னும் ஆறு. பிறகு கைகுலுக்கல், கைதட்டல், போட்டோ.

இதற்கு அவளை யாரும் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. தட்டச்சு வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம், பக்கம் திருப்ப வேண்டிய அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். வெளிநாட்டுக்காரர்மேல் தும்மித் தொலைத்தால் வட்டி ஏறிவிடுமோ என்று செயலாளருக்குப் பயம். வராந்தாவில் ஆள் தேடிக்கொண்டு ஓடியவர் கண்ணில் இவள் பட்டாள். உயரம் கச்சிதம். பின்சுவரில் இருக்கும் அரசாங்கச் சின்னத்தை மறைக்கமாட்டாள். "உனக்குத் தும்மல் வருமா?" என்று கேட்டார். "வராது சார்" என்றாள். அவ்வளவுதான் நேர்காணல். அன்று பிடித்த கோப்பை முப்பத்தொரு வருடம் அவள் கீழே வைக்கவில்லை. மந்திரிகள் வந்தார்கள், போனார்கள், சிலர் கட்சி மாறித் திரும்பவும் வந்தார்கள். மேசைத் துணிகூட நான்கு முறை மாறியது.

ஒவ்வொரு கடனுக்கும் மறுநாள் பேப்பரில் படம் வரும். மந்திரியின் தோளுக்குமேல் அவள் முகம் கட்டாயம் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாக எல்லோர் பெயரையும் எழுதுபவர்கள், அவளிடம் வந்ததும் ஒரு தாவு தாவி அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். அந்தக் குறையைத் தெருக்காரர்கள் தீர்த்து வைத்தார்கள். போட்டோ அக்கா என்று பெயர் வைத்தார்கள்.

இதில் ஆகப் பெருமைப்பட்டவர் அவளுடைய கணவர். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை ஊரில் பாதிப் பேர் அவரைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள், ஆகவே மனைவிக்குக் கிடைத்த மரியாதையை அவர் சொந்த மரியாதையாகவே பாவித்தார். ஒவ்வொரு படத்தையும் வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறைச் சுவரில் மாட்டினார். முப்பத்துநான்கு சட்டங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் அடுப்பு சரிசெய்ய வந்தவராக இருந்தாலும், சுவரைச் சுற்றிக் காட்டாமல் விடமாட்டார்.

"இது துறைமுகத்துக்கு வாங்கினது. பக்கத்துல இருக்கிறது, துறைமுகத்துக்கு வாங்கினதைக் கட்டுறதுக்கு வாங்கினது. இந்தப் பெரிய படம், அப்படிக் கட்டினதுக்கு வட்டி கட்ட வாங்கினது. இது விமான நிலையம். பெரிய ஓடுபாதை. இப்ப அதுல கார் ஓட்டப் பழகுறாங்க, நல்லா அகலமா இருக்காம்."

கொஞ்ச காலமாக அவர் துறைமுகம் என்று சொல்லி விளையாட்டு அரங்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. மீட்டரின் எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசத்தை இருட்டுக் குழிக்குள் குனிந்து பார்த்துச் சொன்ன கண்கள், இப்போது மனைவி எதிரே வந்தால் குரல் கேட்கும்வரை காத்திருந்தன. அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைக்கு எல்லாம் தயார், லென்ஸ் மட்டும் இல்லை. இறக்குமதி செய்ய அரசாங்கத்திடம் டாலர் இல்லையாம். தனியார் ஆஸ்பத்திரியில் லென்ஸ் இருந்தது, ஆனால் பணத்தை முன்னால் கட்டவேண்டும். வருடக் கடைசிக்குள் செய்யாவிட்டால் பிறகு செய்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. ஓய்வு பெறும் அன்று கையில் வரும் மொத்தத் தொகை வைத்தியத்துக்குச் சரியாக இருக்கும். அவள் நாள்காட்டியைக் கிழிக்கும் வேகத்தைப் பார்த்தால் தேதிக்கே பயம் வந்திருக்கும்.

அந்தச் சமயம் பார்த்து நாடு மூழ்கியது.

ஒரு வாரத்தில் பால் பவுடர் விலை இரண்டு மடங்கு. கேஸ் சிலிண்டருக்கு வரிசை, வரிசையில் நிற்க டோக்கனுக்கு ஒரு வரிசை. மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஜனங்களுக்கு யாரையாவது பிடித்து நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல இருந்தது. மந்திரிகளின் வீட்டு வாசலில் இரும்புக் கேட்டும் துப்பாக்கியும் இருந்தன. மூன்றாம் சந்தில், பச்சைக் கதவு வீட்டில், கைக்கு எட்டிய அரசாங்கம் அக்கா ஒருத்திதான்.

மளிகைக் கடைக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார். நல்ல மனுஷன், முப்பது வருடப் பழக்கம். பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கையெழுத்துப் போடும்போது நீங்க கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

"நான் எங்கப்பா கையெழுத்துப் போட்டேன்? பக்கம்தான் திருப்பினேன்."

"திருப்பாம இருந்திருக்கலாமே."

அவள் பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தைக் கவிழ்க்கும்போது ஐந்தாறு நல்ல பதில்கள் வந்தன, அதற்குள் கடைக்காரர் கடையைச் சாத்தியிருப்பார். மறுநாள் முதல் தெருவில் அவள் நடந்தால் பேச்சு நின்றது. பேருந்து நடத்துநர் சில்லறை கொடுக்கும்போது, "மீதியை நாட்டுக்கு வெச்சுக்கவாக்கா?" என்றார். எதிர்வீட்டுக்காரி வந்து முன்னறையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சுவரிலிருந்த படங்களை விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடித்துத் தன் வீட்டுக்குப் போய் அவள் சொன்ன எண்ணிக்கை நாற்பது.

"எல்லாத்தையும் கழட்டிடுங்க" என்றாள் அக்கா கணவரிடம்.

"எதுக்குக் கழட்டணும்? ஒன்பது மந்திரிங்க மாறினாங்க, நீ மாறினியா?"

"அதைத்தாங்க அவங்களும் சொல்றாங்க."

பிறகு தேர்தல் வந்து, அரசாங்கம் மாறியது. புதிய அரசாங்கம் வந்ததும் வராததுமாக ஒரு விசாரணைக் குழு போட்டது. கடனுக்குப் பொறுப்பு யார் என்று கண்டுபிடிக்கவேண்டும். குழுவின் குமாஸ்தாக்கள் பழைய படங்களையெல்லாம் மேசையில் பரப்பினார்கள். மந்திரி ஒருவர் நான்கு படத்தில் இருந்தார், இன்னொருவர் ஆறில். எல்லாப் படத்திலும் இருந்தது ஒரே ஒரு ஆள். அக்காவுக்கு அழைப்பாணை வந்தது. அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவருக்கு ஓய்வுகாலத் தொகை எதுவும் வழங்கப்படாது. அவள் கணவரிடம் அந்த வரியை மட்டும் படித்துக் காட்டவில்லை. அவரால் படிக்க முடியாது என்பது அன்று ஒருநாள் அவளுக்கு வசதியாக இருந்தது, அதை நினைத்து அவள் சமையலறையில் நின்று அழுதாள்.

குழுவில் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி. இரண்டு பக்கமும் ஓய்வுபெற்ற அதிகாரிகள். அக்காவுக்கு முன்னால் ஐந்து முன்னாள் மந்திரிகள் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதிகாரிகள் நீட்டினார்கள், போட்டோம் என்றார்கள். அதிகாரிகளைக் கேட்டால், மந்திரிகள் போட்டார்கள், நாங்கள் நீட்டினோம் என்றார்கள். தேதி, வட்டி, தொகை எதைக் கேட்டாலும் எல்லோருக்கும் ஞாபகமறதி. இத்தனை மறதிக்காரர்களை வைத்தா நாட்டை ஓட்டினோம் என்று நீதிபதிக்கே நாக்குத் தள்ளியிருந்தது.

"உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?" என்றார், நம்பிக்கையில்லாமல்.

"எல்லாம் ஞாபகம் இருக்குங்கய்யா."

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மந்திரிங்க என்ன கேப்பாங்க?"

"முதல் மந்திரி காலர் சரியா இருக்கான்னு கேட்டாருங்கய்யா. ரெண்டாவது மந்திரி, மதியச் சாப்பாடு இங்கயா ஓட்டல்லயான்னு கேட்டாரு. மூணாவது மந்திரி, இந்தப் பேனாவை நானே வெச்சுக்கலாமான்னாரு. ஆறு தடவை கேட்டாரு, ஆறு பேனா எடுத்துட்டுப் போனாரு. நாலாவது மந்திரி, எதிர்ல உக்காந்திருக்கிறவர் எந்த நாடுன்னு கேட்டாரு. அஞ்சாவது மந்திரி தொகைக்கு எத்தனை சைபர்னு கேட்டாரு. சொன்னேன். விரல்ல எண்ணிப் பார்த்துட்டு, பத்துக்குள்ளதான இருக்குன்னாரு."

"திருப்பிக் குடுக்கிறதைப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

"இல்லீங்கய்யா. கேட்டிருந்தா மறந்திருக்காது. எல்லாருமே கேட்டது ஒண்ணுதான், எங்க போடணும்னு."

சபையில் சிரிப்பு. எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாகூட வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பின்னால் நிற்காமல் முன்னால் உட்கார்ந்து பேசுகிற சுகம் பிடிபட்டது. வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். பதினேழாவது கடன், விளையாட்டு அரங்கம், அன்று மழை, மண்டபத்தில் ஒழுகியது.

"அன்னைக்கு நூத்தி எட்டாம் பக்கத்துல வட்டி தப்பா இருந்துச்சு. நான் டைப் பண்ணினது, அதனால தெரியும். செயலாளர் ஐயா காதுல சொன்னேன். மேசைக்கு வலது பக்கம் சாம்பல் கோட்டுப் போட்டுட்டு நின்னாரு. அப்புறம் பாத்துக்கலாம், கேமரா ரெடியா இருக்குன்னாரு."

"யாரும்மா அந்தச் செயலாளர்?"

அக்கா நீதிபதியின் இடதுபக்கம் பார்த்தாள். அங்கே இருந்த உறுப்பினருக்குத் திடீரென்று இருமல் வந்தது. நிற்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், ஜன்னலைத் திறந்தார்கள். கடைசியில் குழு பதினைந்து நிமிடம் கலந்து பேசிவிட்டு வந்து, சாட்சி போகலாம், திரும்ப வரவேண்டிய அவசியம் இல்லை என்றது.

இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. எழுநூறு பக்கம். கடனுக்குத் தனிமனிதர் யாரும் பொறுப்பில்லை, நடைமுறையே பொறுப்பு என்று அழகாகப் பூசி மெழுகியிருந்தார்கள். நடைமுறைக்குப் பென்ஷன் கிடையாது, ஆகவே அதற்கு நஷ்டமில்லை. அக்காவின் பெயர் குற்றமற்றவர் பட்டியலில் இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அச்சில் அவள் பெயர் வந்தது அந்த ஒருமுறைதான்.

அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி அவளுடைய கோப்பைப் புரட்டிப் பார்த்து, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஃபைல் எல்லாம் சுத்தமா இருக்கும்மா. பணம்தான் இல்ல."

"எப்ப வரும்?"

"புதுக் கடன் ஒண்ணு வருது. அதுல ஒரு பகுதி இந்த வருஷம் ரிட்டயர் ஆகிறவங்களுக்குன்னு ஒதுக்கியிருக்கு. அது கையெழுத்தானா அடுத்த வாரமே உங்க கையில இருக்கும். ஆகலேன்னா..." அவர் மேசைமேல் இருந்த பேனாமூடியைத் திறந்து மூடினார். "நீங்கதானம்மா பக்கம் திருப்பப் போறீங்க. பார்த்துத் திருப்புங்க."

அந்த முப்பத்தைந்தாவது கடனின் கையெழுத்துக்குக் குறித்த நாள், அக்காவின் கடைசி வேலைவாரத்தில் வந்தது.

புதிய நிதி மந்திரி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இருபத்தேழு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எதிர்க்கட்சியில் இருந்தபோது தெருத்தெருவாக ஒரு கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு குழந்தை பிறக்கும்போது அதன் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று வகுத்துக் காட்டியவர். ஜனங்கள் அந்த வகுத்தலுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். ஒழுங்கானவர். கோட்டுப் பையில் பேனா இல்லை, பென்சில் வைத்திருந்தார்.

மண்டபம் நிறையக் கேமராக்கள். நேரடி ஒளிபரப்பு. எதிர்ப்பக்கம் வங்கியின் பிரதிநிதி, சாந்தமாகச் சிரிக்கும் ஒரு அம்மாள். அக்கா கோப்பைத் திறந்து, முதல் மஞ்சள் சீட்டில் விரல் வைத்தாள். மந்திரி அந்தக் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, முதல் பக்கத்துக்குப் போனார். காலையில்தான் ஒப்பந்தத்தின் கடைசி வடிவம் வந்ததாம், படித்துவிட்டுப் போடுகிறேன் என்றார். படிக்கவும் ஆரம்பித்தார். பென்சிலால் ஓரத்தில் சின்னச்சின்னக் கோடு போட்டுக்கொண்டே.

ஒரு மந்திரி படிப்பதை அந்த மண்டபத்துச் சுவர்களே பார்த்ததில்லை. ஒளிபரப்புக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பூச்சாடியைக் காட்டினார்கள். முப்பத்தொரு வருடம் யாராவது ஒருவர் இப்படிப் படிக்கமாட்டாரா என்று ஏங்கியவள்தான் அக்கா. இன்றைக்கா வந்து சேரவேண்டும் என்று ஆத்திரமாக வந்தது.

பதினோராம் பக்கத்தில் மந்திரி நிறுத்தினார். ஓரத்தில் ஏதோ வகுத்துப் பார்த்தார். மறுபடியும் வகுத்தார். விடை இரண்டு தடவையும் ஒன்றாகவே வந்திருக்கவேண்டும், பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். எந்த மந்திரியும் திரும்பிப் பார்த்ததில்லை.

"நீங்க ரொம்ப வருஷமா இதைப் பாக்குறீங்களாமேம்மா" என்றார் மெதுவாக. "உண்மையைச் சொல்லுங்க. இதை நாம எப்படித் திருப்பிக் கட்டப்போறோம்?"

அவளுக்குப் பதில் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. முப்பத்தாறாவதாக ஒன்று வாங்கித்தான் சார், இதுவரைக்கும் அப்படித்தான். அவ்வளவே பதில். அதைச் சொன்னால் இவர் கோப்பை மூடிவிட்டு எழுந்துவிடுவார். அவருடைய கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, மூடுகிற ஜாதி. மூடினால் நாட்டுக்கு நல்லதாகக்கூட இருக்கலாம்.

வீட்டில் கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையில் மூக்கு இடிக்க உட்கார்ந்திருப்பார். அங்கே தெரிகிற மங்கலான நிழல்களில் எது மனைவி என்று தேடிக்கொண்டிருப்பார்.

அக்கா குனிந்தாள். மந்திரியின் பென்சில் கோடுகள் விழுந்த தாள்களை ஒரே கையால் அள்ளிப் புரட்டி, மஞ்சள் சீட்டு இருந்த பக்கத்தைத் திறந்தாள். கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இங்க போடுங்க சார்" என்றாள்.

அவர் அந்த விரலைப் பார்த்தார். இத்தனை வருடம் இருந்தவள் சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, பேனாவை வாங்கிப் போட்டார். ஆறு இடத்திலும் போட்டார். எதிர்ப்பக்கக் கோப்பிலும் போட்டார். அக்கா ஒவ்வொன்றையும் ஒற்றி எடுத்தாள். கைதட்டினார்கள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போடுவதற்குள் கணவர் ஆரம்பித்துவிட்டார்.

"பார்த்தேன், எல்லாத்தையும் பார்த்தேன். சரியாத் தெரியல, ஆனா பார்த்தேன். மந்திரி திரும்பி உங்கிட்ட என்னமோ கேட்டாராமே. டிவில நாலு தடவை சொல்லிட்டான். என்ன கேட்டாரு?"

அக்கா கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"எல்லாரும் கேக்கிறதுதாங்க. எங்க போடணும்னு கேட்டாரு."

"ப்ச்" என்றார் அவர். "இந்த ஆளாவது வேற ஏதாவது கேப்பாருன்னு நெனச்சேன்."

அவர் அவள் நின்ற பக்கம் பார்த்துத்தான் பேசினார், ஆனால் பார்வை அவளுடைய தோளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. அவர் தன் முகத்தைப் பார்க்க முடியாததற்காக அந்த நிமிடம் அவள் சந்தோஷப்பட்டாள், அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டாள். பிறகு டாக்டருக்கு போன் செய்து, அடுத்த புதன்கிழமைக்கு நேரம் வாங்கினாள்.